கேட்டி பக்கம் புது வீடு, முதல் ஹரிக்கேன் சீசன்: எதிலிருந்து ஆரம்பிப்பது?

பட்டுக்கோட்டையான்:

எல்லாருக்கும் வணக்கம். மார்ச்சில்தான் ஹூஸ்டனுக்கு மேற்கே, கேட்டி பக்கம் சின்கோ ராஞ்சில் வீடு வாங்கிக் குடிவந்தோம். அதற்கு முன் மிச்சிகனில் பல வருடம் இருந்ததால் பனிக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அத்துப்படி. புயலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் 2018-ல் கஜா வந்தபோது அப்பா போனில் சொன்னதுதான். தோப்பில் தென்னை எல்லாம் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தார்கள். அந்த அப்பாவும் அம்மாவும் ஜூன் கடைசியில் ஆறு மாதத்துக்கு இங்கே வருகிறார்கள். சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்பதால் கிட்டத்தட்ட முழுக்க இங்கேதான் இருப்பார்கள். அப்பாவுக்கு இன்சுலின், அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை, எங்களுக்கு நாலு வயதுப் பையன்.

வீடு வாங்கும்போது எக்ஸ் மண்டலம், வெள்ள அபாயப் பகுதி இல்லை என்றார்கள், கடன் கொடுத்த வங்கியும் வெள்ளக் காப்பீடு கேட்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு அம்மா "ஹார்வி புயலில் இந்தத் தெருக்கோடி வரை படகு வந்தது" என்று சொன்னதிலிருந்து மனசு சரியில்லை. வெள்ளக் காப்பீடு எடுக்க வேண்டுமா, ஜெனரேட்டர் எந்த அளவுக்கு வாங்குவது, புயல் என்று சொன்னதும் ஊரைவிட்டுக் கிளம்பிவிட வேண்டுமா, பெரியவர்களை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது? இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் டார்ச், பேட்டரி, தண்ணீர் என்று ஒரே மாதிரிதான் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பேயூ_ஓரம்:

தம்பி, டார்ச்சும் பேட்டரியும் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். முதலில் வெள்ளக் காப்பீட்டை எடுங்கள், இந்த வாரமே. ஃபெடரல் வெள்ளக் காப்பீட்டுக்கு 30 நாள் காத்திருப்பு உண்டு. வீட்டுக் கடன் முடிக்கும்போதே சேர்த்து எடுத்திருந்தால் அந்தக் காத்திருப்பு கிடையாது, உங்களுக்கு அது தாண்டிவிட்டது. இப்போது மே பாதி, இன்றைக்குப் பணம் கட்டினால் ஜூன் பாதியில்தான் அமலுக்கு வரும். மெக்சிகோ வளைகுடாவில் புயல் உருவாகிவிட்டது என்று டிவியில் பார்த்துவிட்டு ஏஜெண்டைக் கூப்பிட்டால் பயனில்லை. சாதாரண வீட்டுக் காப்பீடு கூரை வழியாக வரும் தண்ணீருக்குத் தரும், வாசல் வழியாக வரும் தண்ணீருக்குத் தராது.

எக்ஸ் மண்டலம் என்ற பேச்சை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஹார்வி 2017 ஆகஸ்ட் 25 இரவு ராக்போர்ட் பக்கம் கரையேறியது, இங்கிருந்து எவ்வளவு தூரம்! ஹூஸ்டனில் காற்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. புயல் நகராமல் நின்று நாள் கணக்கில் கொட்டியதுதான் வினை. கிழக்கே நெடர்லாண்ட் என்ற டெக்சாஸ் ஊரில் மொத்தம் 60 அங்குலத்துக்கு மேல் பதிவானது. உங்கள் வீட்டுக்குக் கிழக்கே இருக்கும் பார்க்கர் நீர்த்தேக்கமும் வடக்கே ஆடிக்ஸும் 1940-களில் ராணுவப் பொறியாளர்கள் கட்டியவை. மற்ற நாளில் காய்ந்து பூங்காவாகக் கிடக்கும், மழை பெய்தால் மட்டும் தண்ணீர் நிற்கும். அது நிரம்பும்போது அணைக்குப் பின்னால், அதாவது உங்கள் பக்கம், தண்ணீர் பின்னோக்கி ஏறும். மழை விட்டு வெயில் அடித்த பிறகும் ஏறிக்கொண்டே இருந்தது, அதைத்தான் உங்கள் பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார். நீர்த்தேக்கம் நிரம்பினால் எதுவரை தண்ணீர் நிற்கும் என்பதும் வெள்ள வரைபடத்தில் இருக்கும் மண்டலமும் வேறு வேறு கணக்கு. உங்கள் தெரு அந்த எல்லைக்குள் வருகிறதா என்று கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வரைபடத்தில் கட்டாயம் பாருங்கள். ஆடிக்ஸ், பார்க்கர் அணைகளுக்குப் பின்னால் மூழ்கிய வீடுகளுக்கு அரசே பொறுப்பு என்று 2019-ல் ஃபெடரல் நீதிமன்றம் ஒன்று சொன்னது. அந்த வழக்குகள் அதற்கப்புறமும் இழுத்துக்கொண்டு போயின, காப்பீடு வைத்திருந்தவர்கள் அதற்குள் வீட்டைச் சரிசெய்து குடியேறிவிட்டார்கள்.

காப்பீட்டில் கவனிக்க வேண்டியது: கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், பொருட்களுக்கு 1,00,000. பொருட்களுக்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், கேட்காவிட்டால் சேர்க்க மாட்டார்கள். வீடு சரியாகும் வரை வெளியே வாடகைக்கு இருக்கும் செலவை ஃபெடரல் பாலிசி தராது, அதற்குக் கையில் பணம் வேண்டும். அப்படியே உங்கள் வீட்டுக் காப்பீட்டையும் எடுத்துப் பாருங்கள், காற்றுச் சேதத்துக்கு டிடக்டிபிள் சதவீதத்தில் இருக்கும். 4,00,000 டாலர் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் உங்கள் தலையில். கூரை மாற்றச் சொன்னால்தான் பலருக்கு அது தெரியவருகிறது.

நாங்கள் அப்போது பேர் க்ரீக்கில் இருந்தோம், வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். வடிந்த பிறகு உள்ளே போனால் முதலில் மூக்கில் ஏறியது அரிசி நாற்றம். பாண்ட்ரியின் கீழ்த்தட்டில் இருந்த பொன்னி அரிசி மூட்டை ஊறி, உப்பி, தையல் பிரிந்து, கஞ்சியாகித் தரையெல்லாம் புளித்துக் கிடந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம், தண்ணீர் வரும் என்று தெரிந்தால் எல்லாரும் டிவியையும் சோபாவையும் மேலே தூக்குகிறார்கள், அரிசி, பருப்பு, எண்ணெய் டின், கீழ் டிராயரில் இருக்கும் பத்திரங்கள், பையனின் தடுப்பூசி அட்டை இதெல்லாம் கீழேயே நின்றுவிடும். மாடி வீடு என்றால் முந்தின நாளே அதையெல்லாம் ஏற்றிவிடுங்கள்.

வடிந்தபின் நேரம்தான் எதிரி. 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். மெயின் பிரேக்கர் இருக்கும் இடமே நனைந்திருந்தால் அதைத் தொடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அப்புறம் எதையும் நகர்த்துவதற்கு முன் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்குப் பக்கத்தில் அளவு நாடாவை வைத்துப் போட்டோ எடுங்கள். கார்ப்பெட்டிலும் மரத்தரையிலும் கையளவு துண்டு வெட்டிப் பையில் போட்டு வையுங்கள், என்ன தரம் என்று காப்பீட்டு மதிப்பீட்டாளருக்குக் காட்ட. இதெல்லாம் முடிந்தால் மதிப்பீட்டாளர் வரும் வரை காத்திருக்காமல் நனைந்த சுவரைக் கிழிக்க ஆரம்பிக்கலாம், காத்திருந்தால் பூஞ்சை மேலே ஏறிவிடும், அதற்குப் பணம் தர மாட்டோம் என்றுகூடச் சொல்வார்கள். ஷீட்ராக் (சுவருக்கு அடிக்கும் ஜிப்சம் பலகை) நாலடி அகலம், படுக்கை வாக்கில்தான் அடித்திருப்பார்கள். அதனால் முழங்கால் அளவு தண்ணீருக்குக்கூட நாலடி உயரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு நேராக வெட்டிவிட்டால் பிறகு முழுப் பலகையாகப் பொருத்தலாம். உள்ளே இருக்கும் இன்சுலேஷன் பஞ்சு தண்ணீர் கோட்டையும் தாண்டி ஈரத்தை உறிஞ்சியிருக்கும், பிழிந்தால் சாக்கடை நீராக ஊற்றும், அத்தனையும் போக வேண்டும். சமையலறை அலமாரிகளுக்குப் பின்னால் பார்க்காமல் விட்டவர்கள் வீட்டில் பல மாதம் கழித்து வாடை வந்தது. மரச்சட்டங்கள் காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது, ஈரமானி ஒன்று வாங்கி 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் புதுப் பலகை அடிக்க வேண்டும். கான்ட்ராக்டர் அவசரப்படுத்துவார், விடாதீர்கள்.

சுகர்லாண்ட்_அக்கா:

மேலே அண்ணன் வெள்ளத்தைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார். ஆனால் தம்பி, உங்களுக்கு அதிகம் நடக்க வாய்ப்புள்ளது கரண்ட் போவதுதான். 2024 ஜூலை 8 காலையில் பெரில் வந்தபோது அது வெறும் முதல் நிலைப் புயல், ஒன்றும் ஆகாது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது, பலருக்கு ஒரு வாரம் ஆகியும் வரவில்லை. வெளியே ஜூலை வெயில், உள்ளே ஜன்னல் திறந்தாலும் காற்று வராத வீடு. ஊரில் என்றால் திண்ணை இருக்கும், வேப்ப மரம் இருக்கும், இங்கே கட்டியிருக்கும் வீடுகள் ஏசி இல்லாமல் வாழ்வதற்குக் கட்டியவை இல்லை. என் மாமியார் அப்போது எங்களோடு இருந்தார், இரண்டாம் நாள் மத்தியானம் பேச்சு குழற ஆரம்பித்துவிட்டது, வெப்பம்தான் காரணம். ஈரத்துணி போட்டு, காரில் ஏசியை வைத்து உட்கார வைத்து, அப்படியே நூலகத்தில் திறந்திருந்த குளிர் மையத்துக்குக் கூட்டிப் போனோம். பெரியவர்களுக்குத் தாகம் தெரியாது, "எனக்கு ஒன்றும் இல்லை" என்றே சொல்வார்கள், கேட்டுக் கேட்டுத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

அதனால் ஜெனரேட்டர் வாங்கும்போது வீடு முழுக்க ஓட வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு அறையைக் குளிர வைத்து எல்லாரும் அதில் படுத்துக்கொண்டால் போதும். 5,000 பிடியு ஜன்னல் ஏசி ஒன்று ஏறக்குறைய 500 வாட்தான் இழுக்கும், 2,000 வாட் இன்வர்ட்டர் ஜெனரேட்டரில் அதையும் ஃப்ரிட்ஜையும் மாற்றி மாற்றி ஓட்டலாம். பெட்ரோல், புரோபேன் இரண்டிலும் ஓடுவது நல்லது, புயலுக்கு அப்புறம் பெட்ரோல் பங்கில் கரண்ட் இருக்காது, இருந்தால் வரிசை மைல் கணக்கில் நிற்கும். டெக்சாஸில் ஏப்ரல் கடைசியில் இந்தச் சாமான்களுக்கு விற்பனை வரி இல்லாத நாட்கள் வரும், 3,000 டாலருக்குக் குறைந்த ஜெனரேட்டருக்கும் உண்டு, அது இந்த வருடம் போய்விட்டது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். ஜெனரேட்டரை கராஜுக்குள் வைக்காதீர்கள், கராஜ் கதவு திறந்திருந்தாலும் வைக்காதீர்கள், வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, புகை வாசலையோ ஜன்னலையோ பார்க்காமல் வையுங்கள். பெரிலின்போது கார்பன் மோனாக்சைடு ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஏராளம், உயிரே போன வீடுகளும் உண்டு. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். பேட்டரியில் ஓடும் அலாரம் படுக்கையறைப் பக்கம் ஒன்று இருக்கட்டும். டிரையர் பிளக்கில் ஜெனரேட்டரைச் செருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பது என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அது வெளிக்கம்பிக்குப் போய் வேலை செய்யும் லைன்மேனைக் கொன்றுவிடும். முறையாக எலக்ட்ரீஷியனை வைத்து இன்டர்லாக் (ஜெனரேட்டர் ஓடும்போது வெளிக்கம்பி இணைப்பைத் துண்டித்து வைக்கும் பூட்டு) போட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் இல்லாத ராத்திரியில் குத்துவிளக்கு, மெழுகுவத்தியை ஏற்றி வைத்துவிட்டு அசந்து தூங்கிப் போவதும் ஆபத்து, சாமிக்கு ஏற்றினால் பக்கத்தில் இருந்து அணைத்துவிட்டு எழுந்திருங்கள்.

அப்பா இன்சுலினுக்கு: திறந்த பேனா பெரும்பாலும் 28 நாள் அறை வெப்பத்தில் தாங்கும், ஆனால் 86 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போகக் கூடாது, ஏசி இல்லாத வீட்டில் அது சுலபமாகத் தாண்டிவிடும். ஐஸ் பெட்டியில் வைக்கும்போது ஐஸின் மேலேயே வைக்காதீர்கள், துண்டில் சுற்றி வையுங்கள், உறைந்துபோனால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஊரிலிருந்து வரும்போதே வேண்டிய மருந்தை, டாக்டர் சீட்டில் மருந்தின் வேதிப்பெயரோடு கொண்டுவரச் சொல்லுங்கள். இந்திய பிராண்ட் பெயரைச் சொன்னால் இங்கே மருந்துக் கடையில் முழிப்பார்கள்.

சமையல்: புயல் வரும் வாரத்தில் மாவு அரைக்காதீர்கள், இருக்கிற மாவை முதல் நாளே இட்லியாக ஊற்றிவிடுங்கள், இந்தச் சூட்டில் அரை நாளில் பொங்கி வழியும். துருவிய தேங்காயும் மீனும் ஃப்ரீசரில் நிறைய வைக்க வேண்டாம். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அவல், சத்துமாவு, பையனுக்குப் பிடித்த பிஸ்கட் இருந்தால் சமாளித்துவிடலாம். கேஸ் அடுப்பு என்றால் பெரும்பாலும் தீக்குச்சியில் பற்றும், இண்டக்‌ஷன் என்றால் வெளியே வைத்துச் சமைக்க ஒரு கேம்பிங் அடுப்பு வேண்டும், அதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், குளியல் தொட்டியை நிரப்பிக்கொண்டால் கழிப்பறைக்கு ஆகும். திறக்காத ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் தாங்கும். வீட்டைவிட்டுப் போகிறீர்கள் என்றால் ஒரு தம்ளர் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் சரி, அடியில் இருந்தால் நடுவில் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, உள்ளே இருப்பதெல்லாம் குப்பைக்கு.

டாம்பா_தமிழன்:

ஃபுளோரிடாவிலிருந்து. கிளம்புவதா இருப்பதா என்று கேட்டிருந்தீர்கள். அதற்குப் புயல் எத்தனையாம் நிலை என்று பார்ப்பதில் பயன் குறைவு, அந்த எண் காற்றின் வேகத்தை மட்டும் சொல்வது. ஆளைக் கொல்வது அதிகமும் தண்ணீர். 2024 செப்டம்பர் 26 ஹெலீன் எங்களுக்கு நூறு மைலுக்கு அப்பால் கடலில் போனது, இருந்தும் டாம்பா விரிகுடாவில் கடல் ஆறடிக்கு மேல் ஏறித் தெருவெல்லாம் நின்றது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, நனைந்த மெத்தையும் ஷீட்ராக்கும் வாசலில் குவிந்திருக்கும்போதே அக்டோபர் 9 மில்டன் சியஸ்டா கீயில் கரையேறியது. எங்களுக்கு வெளியேற்ற மண்டலம் என்று ஏ, பி, சி எழுத்துகள் உண்டு, அதுவும் வெள்ளக் காப்பீட்டு மண்டலமும் வேறு. ஏ மண்டலத்தில் இருப்பவன் உத்தரவு வந்தால் கிளம்பியே ஆக வேண்டும்.

நீங்கள் கேட்டியில் இருக்கிறீர்கள், கடல் உங்கள் வீட்டுக்கு வராது. கரையோர கால்வெஸ்டன்காரர்களுக்குச் சாலையை விட வேண்டும். 2005-ல் ரீட்டாவுக்குப் பயந்து ஹூஸ்டனே ஒரே நேரத்தில் கிளம்பி, நெடுஞ்சாலையில் நாள் முழுக்க நின்று, வெயிலிலும் விபத்திலும் நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள், அதிகமும் வயதானவர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் சாலையில் இறங்க மாட்டேன். இரண்டு நாள் முன்னதாக, வெயில் அடிக்கும்போதே, ஆஸ்டின் அல்லது சான் அன்டோனியோவில் நண்பர் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். நீர்த்தேக்கம் பற்றி எச்சரிக்கை வந்தால் நானும் போய்விடுவேன். தேசிய ஹரிக்கேன் மையத்தின் அறிவிப்பு உங்கள் நேரப்படி காலையும் மாலையும் 4, 10 மணிக்கு வரும், வாட்ஸப்பில் சுற்றும் படங்களைப் பார்த்துப் பதற வேண்டாம். அதில் வரும் கூம்பு புயலின் மையம் எங்கே போகலாம் என்பதை மட்டும் காட்டுகிறது, கூம்புக்கு வெளியே இருந்தால் மழை வராது என்று அர்த்தம் இல்லை.

எலக்ட்ரிக் கார் இருந்தால் உப்புத் தண்ணீர் ஏறும் இடத்தில் கராஜில் விடாதீர்கள் என்று இங்கே இருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன். இயன் புயலிலும் ஹெலீனிலும் நனைந்த பேட்டரி பிறகு தீப்பிடித்து வீடே போயிருக்கிறது. வெள்ளத்தில் போன காருக்கு வெள்ளக் காப்பீடு தராது, காரின் காம்ப்ரிஹென்சிவ் காப்பீடுதான் தரும், செலவைக் குறைக்க அதை எடுத்துவிட்டவர்கள் மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். ஜன்னலில் டேப் ஒட்டுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்த நேரத்தைக் கராஜ் கதவுக்குச் செலவழியுங்கள், அது உள்ளே வளைந்து காற்று புகுந்தால் கூரையைத் தூக்கிவிடும், காற்றழுத்தம் தாங்கும் கதவா என்று உள்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டில் பார்க்கலாம்.

பட்டுக்கோட்டையான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்றே ஏஜெண்டைக் கூப்பிட்டு வெள்ளக் காப்பீட்டுக்குப் பணம் கட்டிவிட்டேன், பொருட்களுக்கும் சேர்த்து. கவுண்டி வரைபடத்தில் எங்கள் தெருவின் ஒரு பாதி அந்த நீர்த்தேக்க எல்லைக்குள் வருகிறது. ஆஸ்டினில் கல்லூரி நண்பன் இருக்கிறான், அப்பா அம்மாவை அனுப்புவது பற்றி அவனிடம் பேசிவிட்டேன்.

இன்னும் இரண்டு கேள்வி. நாங்கள் இருவரும் எச்-1பி வேலை விசாவில், பையன் இங்கே பிறந்தவன். ஃபெமா (அரசின் பேரிடர் உதவி அமைப்பு) தரும் உதவி எங்களுக்குக் கிடைக்குமா? அப்புறம் புயலுக்குப் பின் வாசலில் வந்து நிற்கும் கூரை ஆட்களை எப்படி நம்புவது?

பேயூ_ஓரம்:

எச்-1பியில் இருப்பவருக்கு ஃபெமா பண உதவி நேரடியாகக் கிடையாது, குடியுரிமை அல்லது கிரீன் கார்டு மாதிரித் தகுதி வேண்டும். ஆனால் குடியுரிமை உள்ள 18 வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் அந்தக் குழந்தை சார்பில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம், பையனின் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும். நம் ஆட்கள் பலர் இது தெரியாமல் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். முகாம், சாப்பாடு, மருந்து போன்ற அவசர உதவிக்கு விசா என்ன என்று பார்ப்பதில்லை, அப்பா அம்மாவுக்கும் கிடைக்கும். காப்பீடு இருந்தால் முதலில் அங்கே கிளெய்ம் போட வேண்டும், வெள்ளக் காப்பீட்டில் சேதக் கணக்கைக் கையெழுத்திட்டு 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஃபெமாவிலிருந்து "தகுதி இல்லை" என்று கடிதம் வந்தால் முழுதாகப் படியுங்கள், பல சமயம் காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம் ஒன்று குறைகிறது என்பதுதான் காரணமாக இருக்கும், 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பாஸ்போர்ட், ஐ-797, ஐ-94 விசாத் தாள்கள், திருமணச் சான்று எல்லாவற்றையும் ஜிப் பையில் போட்டு, கிளம்பும்போது கூடவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கூரை ஆட்கள் விஷயம். டெக்சாஸில் கூரை வேலைக்கு மாநில லைசென்ஸே கிடையாது, யார் வேண்டுமானாலும் லாரியில் பெயர் ஒட்டிக்கொண்டு வரலாம். "டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே வாசலைச் சாத்திவிடுங்கள், 2019 முதல் அது இங்கே சட்ட விரோதம். என் தெருவில் முழுப் பணத்தையும் முன்னால் வாங்கிக்கொண்டு கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒரு ஆள் காணாமல் போனார், அந்த வீட்டுக்காரர் தார்ப்பாயோடு அடுத்த மழையையும் பார்த்தார். முன்பணம் கொஞ்சமாகக் கொடுங்கள், பொருள் வந்து இறங்கிய பிறகு மேற்கொண்டு கொடுங்கள், காப்பீட்டுக் காசோலையை அவர் பெயருக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். இப்போதே, ஒரு சேதமும் இல்லாத இந்த மே மாதத்தில், உள்ளூரில் பல வருடம் இருக்கும் ஒரு கூரைக்காரரைக் கூப்பிட்டுக் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் எடுக்கும் போட்டோக்களை வாங்கி வைத்துக்கொண்டால், இது பழைய சேதம் என்று காப்பீட்டு நிறுவனம் சொல்லும்போது காட்டலாம்.